வீட்டுக் கேமராவின் சாவி யார் கையில்?



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று, நம் இல்லங்கள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு கவலையைத் தாங்கி வந்திருக்கிறது. எழுதியவர் கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த சகோதரி. கணவர் ஷார்ஜாவில் பணியாற்றுகிறார். வீட்டில் வயது முதிர்ந்த மாமியும், இவரும், பள்ளி செல்லும் இரு பெண் மக்களும் இருக்கின்றனர். தெருவுக்குக் கேபிள் இணையம் வந்து சேராத காரணத்தால், சிம் அட்டை செருகும் ரூட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். நான்கு கேமராக்களும், அவற்றின் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியும் அதனோடு இணைக்கப்பட்டுள்ளன. வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் படம் தெரிகிறது. ஷார்ஜாவிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. பொருத்திக் கொடுத்த இளைஞர் இரண்டு முறை வந்து ஏதேதோ மாற்றிப் பார்த்துவிட்டு, "நிலையான முகவரி உள்ள சிம் வாங்கினால்தான் முடியும்" என்று கூறிச் சென்றுவிட்டாராம். அது சரிதானா என்பது சகோதரியின் முதல் வினா. அதன் கீழே சிறிய எழுத்தில் மற்றொன்றையும் எழுதியிருக்கிறார்: "அப்படித் திறந்துவிட்டால் என் கணவர் மட்டும்தான் பார்ப்பாரா? பொருத்திய தம்பியின் செல்பேசியிலும் எங்கள் வீடு தெரியுமா?"

சிறிய எழுத்தில் எழுதப்பட்டதே பெரிய வினா. வாசலில் நின்று ஸலாம் உரைத்து, அனுமதி கிடைத்த பின்னரே உள்ளே நுழைவது நம் இல்லங்களின் வழக்கம். கேமராவின் வழியாக நுழைபவர் ஸலாமும் உரைப்பதில்லை, அனுமதியும் கேட்பதில்லை. வந்து போனதற்கு அடையாளமும் இராது. ஆயினும் முதல் வினாவுக்கு விடை தெளிவானால்தான் இரண்டாவதற்கு வழி பிறக்கும் என்பதால், அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி எண் ஒன்று வேண்டும். தொடக்கத்தில் வகுக்கப்பட்ட முறைப்படி இத்தகைய எண்கள் மொத்தம் சுமார் 429 கோடி மட்டுமே உண்டு. உலக மக்கள்தொகையை நோக்கினால் தலைக்கு ஒன்று கூட வராது. மைய இருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. அதன் பின்னர் கோடிக்கணக்கில் சந்தாதாரர்களைச் சேர்த்த செல்பேசி நிறுவனங்கள், ஒவ்வொரு சிம்முக்கும் தனி முகவரி கொடுக்க எங்கே போகும்? ஒரே பொது முகவரியின் பின்னால் பலரை அமர்த்தி வைத்தன.

இதனைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. வளைகுடாவிலிருக்கும் கணவருக்கோ மகனுக்கோ கடிதம் எழுதிய காலத்தில், உறையின் மீது கம்பெனியின் பெயரையும் தபால் பெட்டி எண்ணையும் எழுதினோம் அல்லவா? அந்த ஒரே எண்ணின் கீழ் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இருப்பார்கள். உறையில் பெயர் இல்லாமல் பெட்டி எண் மட்டும் இருந்தால், அலுவலகத்தில் கடிதம் பிரித்துக் கொடுப்பவர் அதனை யாரிடம் கொடுப்பார்? ஆனால் உள்ளிருக்கும் ஒருவர் தாமாக ஒரு கடிதம் அனுப்பி, அது குறிப்பேட்டில் பதிவாகியிருந்தால், அதற்கு வரும் பதிலைச் சரியாக அவரிடமே சேர்ப்பித்துவிடலாம். சிம் ரூட்டரின் நிலையும் இதுவே. உள்ளிருந்து வெளியே செல்லும் அழைப்புக்கு மறுமொழி வந்து சேரும். வெளியிலிருந்து புதிதாக வரும் அழைப்போ நிறுவனத்தின் வாயிலிலேயே நின்றுவிடும். உங்கள் ரூட்டர் வரைக்கும் வருவதே இல்லை. கேபிள் இணைப்புள்ள வீடுகளில் செய்வது போல ரூட்டரில் "போர்ட் ஃபார்வர்டிங்" என்னும் ஏற்பாட்டை அந்த இளைஞர் எத்தனை முறை செய்தாலும் பயன் இல்லாது போனதன் காரணம் இதுதான்.

உங்கள் வீட்டின் நிலை என்ன என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ரூட்டரின் நிலவரப் பக்கத்தைத் திறந்தால், வெளி இணைப்புக்கு அதற்குக் கிடைத்திருக்கும் முகவரி எழுதப்பட்டிருக்கும். அது 10 என்னும் எண்ணில் தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினாலோ, நீங்கள் பொதுப் பெட்டி எண்ணின் பின்னால் இருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டாவதாகச் சொன்ன எண்வரிசை இந்தப் பயனுக்கென்றே 2012-ஆம் ஆண்டு ஒதுக்கி வைக்கப்பட்டது. புதிய முறையான ஐ.பி.வி.6 முகவரிகளுக்குப் பஞ்சமே இல்லை என்பது உண்மைதான். ஆனால் இரு முனைகளிலும் அது இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் அழைப்பை நிறுவனம் தடுக்காதிருக்கவும் வேண்டும். அதனை நம்பித் திட்டமிட வேண்டாம்.

ஆகவே நிலையான பொது முகவரி உள்ள சிம் வாங்கினால் படம் தெரியும் என்று அந்த இளைஞர் சொன்னதில் பொய் இல்லை. அது ஒரு வழி. ஆனால் வேண்டாத வழி. அந்தச் சிம் வந்த அன்றே உங்கள் பதிவுப் பெட்டி உலகம் முழுமைக்கும் முகம் காட்டி நிற்கும். ஷார்ஜாவிலிருந்து கணவர் தட்டும் அதே கதவை, முன்பின் அறியாத எவரும் எந்நேரமும் வந்து தட்டலாம். இது வெறும் அச்சுறுத்தல் அன்று. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித் தொகுத்து வைக்கும் "ஷோடான்" என்னும் தேடுபொறி 2009-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 2016-ஆம் ஆண்டு "மிராய்" என்றொரு தீங்கு நிரல் உலாவியது. அது செய்த தந்திரம் மிக எளியது. கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் ரூட்டர்களும் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அவற்றில் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும் பெயர்களும் கடவுச்சொற்களுமாகச் சற்றேறக்குறைய அறுபது இணைகள் அதன் கையில் இருந்தன. இணையமெங்கும் அலைந்து, திறந்திருக்கும் கதவுகளில் அந்த அறுபதையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது. இலட்சக்கணக்கான கருவிகள் அதற்கு வசமாயின. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள், அப்படிப் பிடிக்கப்பட்ட கருவிகளின் படையைக் கொண்டு "டைன்" என்னும் அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அந்நாட்டில் பல மணி நேரம் எட்டாமற்போயின. அந்த நிரலை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது வெளிவந்தது. யார் யாருடைய வீட்டுக் கேமராக்கள் அந்தப் படையில் இருந்தன என்பதை அவற்றின் உரிமையாளர்களே அறியார்!

சரி, வேறு வழி என்ன? தபால் பெட்டி உதாரணத்திலேயே வழியும் இருக்கிறது. வெளியிலிருந்து வருவது நிற்கும்; உள்ளிருந்து செல்வது நிற்காது. எனவே வீட்டிலுள்ள கருவியே முதலில் வெளியே அழைக்கட்டும். பொதுவான ஓரிடத்தில் வீடும், ஷார்ஜாவிலுள்ள செல்பேசியும் சந்தித்துக்கொள்ளட்டும். அந்த உரையாடல் முழுவதும் பூட்டிய உறைக்குள் நடக்கட்டும். வி.பி.என். எனப்படும் தனிச்சுரங்கத்தின் உட்பொருள் இவ்வளவே. சிம் ரூட்டர் நமக்கு இட்ட தடை அப்படியே இருக்கும். அது அந்நியருக்கு மட்டும் தடையாகிவிடும்.

கேமரா தயாரித்த நிறுவனமே இத்தகைய ஏற்பாடு ஒன்றைத் தன் செயலியில் தருவதுண்டு. பெட்டியின் மீதுள்ள கட்டம் கட்டமான குறியீட்டைச் செல்பேசியால் படம் பிடித்தால் போதும், வேலை முடிந்தது. எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் சந்திப்பு நடக்கும் இடம் அந்நிறுவனத்தின் சர்வர். அதன் நாணயத்தையும் கவனத்தையும் நம்பியே நாம் இருக்க வேண்டும். வாசலையும் கிணற்றடியையும் பார்க்கும் கேமராவுக்கு இது போதும் என்பதே என் கருத்து.

அதற்கு மேற்பட்ட பாதுகாப்பு வேண்டுவோருக்கு "வயர்கார்டு" என்னும் முறையைப் பரிந்துரைக்கிறேன். ஜேசன் டோனன்ஃபெல்டு என்பவர் உருவாக்கியது. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டது. இதில் கடவுச்சொல் கிடையாது. ஒவ்வொரு கருவியும் தனக்கென இரண்டு சாவிகளை உண்டாக்கிக்கொள்கிறது. ஒன்று இரகசியச் சாவி; அது அந்தக் கருவியை விட்டு ஒருபோதும் வெளியே செல்லக் கூடாது. மற்றொன்று பொதுச் சாவி. அதனை யாரிடம் கொடுத்தாலும் பாதகமில்லை. யாருடைய பொதுச் சாவி பட்டியலில் இருக்கிறதோ அவர் மட்டுமே உள்ளே வரலாம். பட்டியலில் இல்லாதவர் வந்து தட்டினால் வயர்கார்டு "இல்லை" என்று கூடச் சொல்லாது. உள்ளே ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த குணம் இந்த மௌனம்தான்.

இதற்குத் தேவையானவை இரண்டு. முதலாவது, பொது முகவரி உள்ள சிறியதொரு வாடகைச் சர்வர். கிடைப்பதிலேயே மிகச் சிறியது போதும். இந்தியாவில் இத்தகைய சர்வர் வாடகைக்கு விடுவோர், வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலிய விவரங்களைப் பெற்று ஐந்தாண்டுக் காலம் பாதுகாக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு ஆணையிட்டுள்ளது. ஆகவே அடையாளச் சான்று கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது, வீட்டிலிருந்து அழைக்கும் கருவி. சில சிம் ரூட்டர்களிலேயே வயர்கார்டு உண்டு. வாங்கும் முன் கேட்டு வாங்குங்கள். விலை மலிந்த பலவற்றில் இராது. அப்படியானால் "ராஸ்பெரி பை" போன்ற கையடக்கக் கணினி ஒன்றையோ, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியையோ ரூட்டரோடு இணைத்து அந்த வேலையை ஒப்படைக்கலாம்.

அமைக்கும்போது இடறும் இடங்கள் சில உண்டு. தொழில்நுட்பம் அறிந்த பிள்ளை ஒருவர் வந்து செய்து கொடுத்தாலும், இவற்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாம் மேலே சொன்ன குறிப்பேட்டில் ஒரு பதிவு நெடுநேரம் தங்காது; பேச்சு நின்று சிறிது நேரமானால் நிறுவனம் அதனை அழித்துவிடும். அழிந்துவிட்டால் வெளியிலிருந்து வீட்டை எழுப்ப வழியில்லை. ஆதலால் வீட்டுக் கருவியின் அமைப்பில் "பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்" என்ற இடத்தில் 25 என்று குறிக்க வேண்டும். இருபத்தைந்து விநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று அது சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதற்கு நாளொன்றுக்கு ஒரு எம்.பி. கூடச் செலவாகாது.

அடுத்தது, வீட்டினுள்ளே வழங்கும் எண்வரிசை. பெரும்பாலான ரூட்டர்கள் 192.168.1 அல்லது 192.168.0 என்ற வரிசையோடுதான் கடையிலிருந்து வருகின்றன. ஊரில் உள்ள வீட்டிலும் அதே வரிசை, ஷார்ஜா அறையிலும் அதே வரிசை என்றால், செல்பேசி ஊர்க் கேமராவைத் தேடாமல் அறைக்குள்ளேயே தேடிக்கொண்டு நிற்கும். எல்லாம் சரியாக இருந்தும் படம் வராத பல இடங்களில் குற்றவாளி இதுதான். ஊர் ரூட்டரில் 192.168.57 என்பது போல வழக்கத்தில் இல்லாத எண் ஒன்றை வைத்துவிடுங்கள். இணைப்பு ஏற்பட்டும் படம் மட்டும் பாதியில் உறைந்து நின்றால், "எம்.டி.யு." என்ற அளவை 1280-ஆகக் குறைத்துப் பார்க்கலாம்.

மின்தடை வந்து போன பிறகு ராஸ்பெரி பையின் பழைய மாதிரிகள் நேரத்தை மறந்துவிடும். அவற்றில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. பின்தங்கிய நேரத்தோடு வரும் அழைப்பை வயர்கார்டு ஏற்பதில்லை. பழைய அழைப்பை யாரேனும் பிரதி எடுத்து அனுப்புகிறார்களோ என்று அது ஐயுறும். இணையத்திலிருந்து நேரம் சரியானதும் தானே சீராகிவிடும் என்பதால், சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். ரூட்டருக்கும் பதிவுப் பெட்டிக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இவ்வளவு வேண்டாம், எளிதாக ஒன்று சொல்லுங்கள் என்பவர்களுக்கு "டெயில்ஸ்கேல்" போன்ற சேவைகள் உள்ளன. உள்ளே இயங்குவது அதே வயர்கார்டுதான். சர்வர் பிடிக்கும் வேலை மட்டும் நமக்கு இல்லை. தனிப்பட்ட பயனுக்குக் கட்டணமின்றியும் கிடைக்கிறது. ஆனால் இங்கே கதவு வேறிடத்துக்கு மாறிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் எந்த மின்னஞ்சல் கணக்கால் நுழைகிறீர்களோ, அந்தக் கணக்கே வீட்டுச் சாவியாகிவிடுகிறது. அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். கணக்கு உங்கள் மின்னஞ்சலில் தொடங்கப்பட வேண்டும். செய்து கொடுக்க வந்தவரின் மின்னஞ்சலில் அன்று.

இங்கேதான் சகோதரியின் இரண்டாவது வினா வந்து நிற்கிறது. பொருத்திய தம்பியின் செல்பேசியில் வீடு தெரியுமா? தெரியக் கூடும். கேமரா நிறுவனங்களின் செயலிகள் பலவற்றில், முதன்முதலில் குறியீட்டைப் படம் பிடித்தவரே அந்தப் பெட்டிக்கு உரிமையாளர். பிற்பாடு சேர்பவர்கள் அவர் பகிர்ந்தளித்த விருந்தாளிகள். அவசரத்தில் வேலையை முடிக்கும் தொழிலாளி தம் செல்பேசியிலேயே முதலில் படம் பிடித்துச் சரிபார்ப்பது இயல்பு. அதில் தீய எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நல்லவர் கையிலும் நம் வீட்டுச் சாவி எதற்கு? அவரை அழைத்து, உங்கள் வீட்டு ஆண்மக்கள் ஒருவர் உடனிருக்க, அவருடைய கணக்கிலிருந்து அந்தப் பெட்டியை நீக்கச் சொல்லுங்கள். பின்னர் உங்கள் செல்பேசியால் புதிதாகச் சேருங்கள். பதிவுப் பெட்டியின் உள்ளே பயனர் பட்டியல் ஒன்று உண்டு. அதைத் திறந்து, அறியாத பெயர் எதுவாயினும் அழித்துவிட்டு, "அட்மின்" என்பதன் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வீட்டு எண்ணும், பிள்ளையின் பிறந்த ஆண்டும், செல்பேசி எண்ணும் கடவுச்சொல் ஆகா. ரூட்டருக்கும் இதுவே விதி. வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியும், "யு.பி.என்.பி." என்னும் ஏற்பாடும் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். அந்த இளைஞர் இரண்டு முறை வந்து செய்துவைத்த போர்ட் ஃபார்வர்டிங் குறிப்புகளையும் மறவாமல் அழியுங்கள். இன்று அவை பயனற்றுக் கிடக்கலாம். நாளை கேபிள் இணையம் வந்து அதே ரூட்டரில் இணைத்தால் அவை உயிர்பெற்றுவிடும்.

சாவிகளைப் பொறுத்தவரை, ஒருவருக்கு ஒன்று என்ற கணக்கை விடாதீர்கள். கணவரின் செல்பேசிக்கு ஒன்று, உங்களுடையதற்கு ஒன்று, சென்னையில் படிக்கும் தம்பிக்கு வேண்டுமானால் தனியே ஒன்று. ஒரே சாவியை நால்வருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தால், ஒருவர் செல்பேசியைத் தொலைக்கும்போது நால்வருக்கும் பூட்டை மாற்ற வேண்டி வரும். தனித்தனியே இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அமீரகத்தில் வி.பி.என். சட்டவிரோதமல்லவா என்று சிலர் கேட்கக் கூடும். அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சட்டம், குற்றம் புரிவதற்கோ அதனை மறைப்பதற்கோ முகவரியை மாற்றிக் காட்டுவதைத் தண்டிக்கிறது. அபராதம் 5 இலட்சம் திர்ஹம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை. தம் சொந்த வீட்டுக் கருவியை அடைவது அத்தகைய செயல் அன்று. ஆயினும் அதே சுரங்கத்தின் வழியாக அங்கே தடுக்கப்பட்டுள்ள சேவைகளைப் பயன்படுத்தத் தொடங்கினால் நிலைமை வேறாகிவிடும். எனவே செல்பேசியின் அமைப்பில் "அலவ்டு ஐ.பி.ஸ்" என்ற இடத்தில் ஊர் வீட்டின் எண்வரிசையை மட்டும் எழுதச் சொல்லுங்கள், மற்ற எல்லாப் போக்குவரத்தும் வழக்கமான பாதையிலேயே செல்லட்டும். அங்குள்ள இணைப்பில் வயர்கார்டு தடைப்பட்டால் குறுக்கு வழி தேட வேண்டாம். கேமரா நிறுவனத்தின் செயலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தச் சாவியாலும் தீராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு கேமராக்களுள் ஒன்று நடுக்கூடத்தில் இருப்பதாகச் சகோதரி எழுதியிருக்கிறார். அந்தக் கூடத்தில்தான் மாமி படுத்திருப்பார். பெண் பிள்ளைகள் தலை வாரிக்கொள்வார்கள். அங்கே கேமரா வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்கள். மாமிக்கு உடல்நலம் குன்றியதால் வைத்தோம் என்பது காரணமானால், இரவில் மட்டும் இயங்குமாறு நேரம் குறிக்கலாம். அல்லது வேளை தவறாமல் ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானதாக இருக்கலாம். மாமியிடம் கேட்டீர்களா? கணவருக்கு இதனை எடுத்துச் சொல்வதில் தயக்கம் இருப்பின் இப்பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள்.

செலவுக் கணக்கும் பார்க்க வேண்டும். தெளிவான முழுப் படம் விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வருமானால், ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு 1.8 ஜி.பி. தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் திட்டத்தில் பிள்ளைகளின் படிப்புக்கு மிஞ்சுவது ஏதுமில்லை. பதிவுப் பெட்டியில் "சப் ஸ்ட்ரீம்" என்னும் சிறிய படத்தை 512 கிலோபிட் அளவில் வைத்து அதனையே பார்த்தால், மணிக்கு 230 எம்.பி. போதும். முழுப் படம் பெட்டியிலேயே பதிவாகிக்கொண்டிருக்கும். தேவைப்படும் நாளில் எடுத்துக்கொள்ளலாம். ரூட்டர் சிக்கிக்கொண்டால் கடலுக்கு அப்பாலிருந்து அதனை அணைத்துப் போட முடியாது. ஆதலால் வைகறையில் ஒரு நிமிடம் மின்சாரத்தை நிறுத்தித் தரும் டைமர் சாக்கெட் ஒன்றை மாட்டிவிடுங்கள். சிம்முக்குப் பணம் கட்ட வேண்டிய தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் சோதனையை வீட்டு வைஃபையில் செய்யாதீர்கள். அங்கே எப்படியும் படம் தெரியும். செல்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, அதன் சொந்த இணையத்தில் சுரங்கத்தைத் திறந்து பாருங்கள். படம் வர வேண்டும். பிறகு சுரங்கத்தை மூடிவிட்டு அதே முகவரியை அடைய முயலுங்கள். இப்போது படம் வரக் கூடாது. கணவர் விடுமுறையில் வந்திருக்கும் நாட்களிலேயே இவ்விரண்டையும் அவர் கையாலேயே செய்து பார்த்துவிட்டால், ஷார்ஜா சென்ற பின் நள்ளிரவில் தொலைபேசியில் விளக்கம் சொல்லும் வேலை உங்களுக்கு இராது.